பதவியில் இருப்பவர் மீது புகார் வந்தால்

புகார் கிளம்பிய மறுநாள் பேப்பரில் இரண்டு அறிக்கைகள் நிச்சயம். 'உடனே ராஜினாமா செய்' என்று ஒன்று, 'அரசியல் காழ்ப்புணர்ச்சி' என்று மற்றொன்று. ஆட்சி மாறினால் கட்சிகள் வசனத்தை மாற்றிக்கொள்ளும். மாண்புமிகுகளுக்கும், அவர்களுக்காக டீக்கடையில் மல்லுக்கு நிற்கும் நமக்கும் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• சாட்சியை நினையுங்கள். மானம், மரபெல்லாம் பிறகு. சாட்சி சொல்ல வேண்டியவர் பல வழக்குகளில் அதே துறையின் எழுத்தராக இருப்பார். பிள்ளைகள் சென்னையில் படிக்கும். அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றும் உத்தரவு யார் மேசையிலிருந்து வரும்? அந்த மேசையில் நீங்கள் இருக்கும்வரை அவர் எப்படி வாயைத் திறப்பார்?

• விலகுவதானால் காலத்தோடு விலகுங்கள். எல்.ஐ.சி. பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்டதை 1957 டிசம்பரில் மக்களவையில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா எல்லோரும் பார்க்க விசாரித்தார். அதிகாரி செய்தது, எனக்குத் தெரியாது என்ற அமைச்சரின் வாதம் எடுபடவில்லை. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார். கேள்வி வெடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1962இல் அவரே மறுபடி மத்திய அமைச்சர்.

• அமைச்சர் பதவி வேறு, எம்.எல்.ஏ. பதவி வேறு. முன்னது முதல்வர் கொடுத்தது, பின்னது தொகுதி கொடுத்தது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால், 2013இன் லில்லி தாமஸ் தீர்ப்புப்படி பின்னதும் உடனே போய்விடும். அதுவரை வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹவாலா வழக்கில் 1996இல் எம்.பி. பதவியையே உதறிய அத்வானி, வழக்கிலிருந்து விடுபட்ட பிறகே 1998இல் போட்டியிட்டார். அவ்வளவு தூரம் எல்லோரையும் கேட்க முடியாது.

• மேடையில் யாரோ சொன்னதற்கெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள்; எழுந்தால் கோட்டையில் மாதம் ஒரு பதவியேற்பு நடக்கும். ஒரு நீதிபதி காகிதங்களைப் படித்து, குற்றச்சாட்டுப் பதிவு செய்தால் அன்றே எழுந்திருங்கள்.

செய்யக்கூடாதவை

• நாற்காலிக்கு ஆள் காவல் போடாதீர்கள். 1997இல் லாலு விலகினார், ராப்ரி தேவி முதல்வரானார். 2014 செப்டம்பரில் சென்னையில் பன்னீர்செல்வமும் அமைச்சர்களும் அழுதுகொண்டே பதவியேற்றதை டி.வி.யில் பார்த்தோம். 2024இல் டெல்லியில் ஆதிஷி, கெஜ்ரிவாலின் நாற்காலியைக் காலியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பாதுகை வைத்து ஆண்ட பரதனுக்கு அண்ணன் மீது அமலாக்கத்துறை வழக்கு இல்லை.

• இலாகா இல்லாத அமைச்சராக ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். 2023 ஜூனில் கைதான செந்தில் பாலாஜி எட்டு மாதம் அப்படி இருந்தார். 2024 செப்டம்பர் 26இல் ஜாமீன், 29இல் மறுபடி அமைச்சர். சாட்சிகள் என்ன ஆவார்கள் என்ற கவலை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பதவியா, ஜாமீனா என்று கேட்ட பிறகு, 2025 ஏப்ரலில் விலகினார்.

• அரியலூரை இழுக்காதீர்கள். 1956இல் சாஸ்திரி விலகியது ரயில் விபத்துக்காக. அவர் மீது யாரும் புகார் சொல்லவில்லை.

• பதவியிலிருந்து இறக்கும் வேலையைக் கைது செய்கிறவர் கையில் கொடுக்காதீர்கள். 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் 31ஆம் நாள் பதவி போகும் என்கிற மசோதாவை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்தது. ஜாமீன் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், ஒரு முதல்வரையே வீட்டுக்கு அனுப்பலாம். நீதிபதி இன்னும் ஒரு சாட்சியைக்கூட விசாரித்திருக்க மாட்டார்.

• ராஜினாமாவைக் குற்ற ஒப்புதலாகப் பார்க்காதீர்கள். இது நமக்கு. ஆ. ராசா 2010இல் விலகினார், 2017இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. ஐநூறு ரூபாய் லஞ்சப் புகாரில் ஒரு வி.ஏ.ஓ. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், விதிப்படி பணியிடை நீக்கம். அதை யாரும் தண்டனை என்பதில்லை. வழக்கு முடியட்டும் என்று அவரும் பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.