எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது?

சென்னையிலிருந்து வடக்கே ஜி.என்.டி. சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1950-களில் தொடங்கிச் சுமார் முப்பது ஆண்டுகள் அதில் கார்ப் பந்தயங்களும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தபின் அந்த ஆரவாரம் அங்கே போய்விட்டது.

பழவேற்காட்டுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, பஸ்ஸில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். பொன்னேரி வழியாக ஏரியை அடைந்தோம். மீனவர் குப்பம் ஒன்றில், பனையோலைப் பந்தலின் கீழ் ஒரு மெக்கானிக் படகு எஞ்சினைப் பிரித்துக் கொண்டிருந்தார். அது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். நீண்ட இரும்புத் தண்டின் முனையில் விசிறி பூட்டி, கண்ணாடியிழைப் படகைக் கடலுக்குள் தள்ளிச் செல்வது. அதன் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் தலைமூடியைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்திருந்தார்.

ஒரு மாணவன் கேட்டான்: “அண்ணே, சோழவரத்துல ஓடின ரேஸ் வண்டியோட ஹெட்டை இதுல மாட்டினா படகு பறக்குமா?”

அவர் சிரித்தார். “பறக்கறது இருக்கட்டும் தம்பி. முகத்துவாரத்துல நிக்காம போனா போதும்.”

ஏரியும் கடலும் சேரும் இடமே முகத்துவாரம். அங்கே மணல் மேடிட்டு ஆழம் குறைந்திருக்கும். அலை உடைந்து வரும். அந்த இடத்தில் எஞ்சின் நின்று, மறுபடி கிளம்ப மறுத்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். கவிழ்வதற்கு அது போதும். மாணவனின் கேள்வி, மெக்கானிக்கின் பதில் இரண்டிலும் நல்ல பௌதிகம் இருக்கிறது. அதை இங்கே பார்ப்போம்.

நான்கு வீச்சுகள்

நான்கு வீச்சு எஞ்சினைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை உறிஞ்சுகிறது. இரண்டாவதில் மேலேறி அதை அழுத்துகிறது. மூன்றாவதில் எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேறுகிறது. காற்று நுழையவும் புகை வெளியேறவும் ஹெட்டில் கதவுகள் உண்டு. அவையே வால்வுகள். வட்டத் தலையும் மெல்லிய காம்புமாக, தலைகீழாக வைத்த காளானைப் போல இருக்கும். கேம் என்னும் புடைப்பு அதைத் தள்ளித் திறக்கிறது. ஸ்பிரிங் அதை இழுத்து மூடுகிறது.

எரிபொருளை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம். ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டுமே! எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுதான் சக்தி. ஆகவே பந்தய எஞ்சின் கட்டுபவர் ஹெட்டில்தான் அதிகமாக மூளையைச் செலவிடுகிறார்.

ஒரு மூச்சுக்கு எவ்வளவு நேரம்?

படகு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. எனவே ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் 100இல் ஒரு பங்கு. பந்தய எஞ்சின் 9,000 சுற்று சுற்றினால் 300இல் ஒரு பங்குதான்.

பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. என்றால், 3,000 சுற்றில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 9 மீட்டர். வால்வு வாயின் பரப்பு பிஸ்டன் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அப்போது வாய் வழியே பாயும் காற்றின் வேகம் ஐந்து மடங்கு, அதாவது வினாடிக்கு 45 மீட்டர். அதே எஞ்சினை 9,000 சுற்றுக்கு ஓட்டினால் 135 மீட்டர். இது சராசரிதான். வீச்சின் நடுவில் பிஸ்டன் சராசரியைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு வேகமாகப் போகும். அப்போது காற்று 200 மீட்டரையும் தாண்ட வேண்டும். சாதாரணக் காற்றில் ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். ஒலி வேகத்தை நெருங்க நெருங்க, குறுகிய வாயில் காற்று திணறும். பிஸ்டன் எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் வராது. கூட்டம் முடிந்ததும் ஒரே வாசல் உள்ள திரையரங்கில் எல்லோரும் முண்டியடிப்பதைப் போன்ற நிலை இது.

வாசலைப் பெரிதாக்க வேண்டும். எப்படி?

செய்து பாருங்கள்

ஒரு தாளில் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரையுங்கள். இது சிலிண்டரின் வாய். அதற்குள் ஒன்றையொன்று தொடும்படி இரண்டு சம வட்டங்கள் வரைந்தால் ஒவ்வொன்றின் விட்டமும் 5 செ.மீ. ஒன்று காற்றுக்கு, மற்றொன்று புகைக்கு. இனி வேறொரு தாளில், அதே அளவு பெரிய வட்டத்துக்குள் நான்கு சம வட்டங்களை அடக்குங்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 4.14 செ.மீ. வரும். இரண்டு காற்றுக்கு, இரண்டு புகைக்கு.

முதல் படத்தில் காற்று வாயின் பரப்பு 19.6 ச.செ.மீ. இரண்டாவதில் இரு வாய்களும் சேர்ந்து 26.9. அதாவது 37 விழுக்காடு அதிகம்!

இன்னும் ஒன்று. வால்வு சிறிதளவே தூக்கியிருக்கும்போது காற்று, தலையின் விளிம்பைச் சுற்றியுள்ள வளைய இடுக்கு வழியாகத்தான் நுழைய முடியும். அந்த இடுக்கின் பரப்பு சுற்றளவையும் தூக்கத்தையும் பெருக்கினால் வருவது. சுற்றளவு விட்டத்துக்கு ஏற்றது. ஒரு வால்வுக்கு 5, இரண்டுக்கு 8.28. ஆகவே அதே தூக்கத்தில் 66 விழுக்காடு கூடுதல் வழி. விட்டத்தில் கால் பங்கு தூக்கினால் இடுக்கின் பரப்பும் வாயின் பரப்பும் சமமாகிவிடும். இதை நீங்களே நிறுவிப் பாருங்கள்.

இந்தக் கணக்கின் பலனை 1912இலேயே பெழோ நிறுவனத்தார் கண்டார்கள். சிலிண்டருக்கு நான்கு வால்வு, ஹெட்டின் மேலேயே இரண்டு கேம் தண்டுகள் கொண்ட அவர்களுடைய கார் அந்த ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரியில் வென்றது. 1967இல் கீத் டக்வர்த் வடிவமைத்த காஸ்வர்த் டி.எஃப்.வி. எஞ்சினிலும் நான்கு வால்வுகளே. ஆனால் அவர் எதிரெதிர் வால்வுகளுக்கு இடையிலான கோணத்தை 32 டிகிரியாகக் குறுக்கினார். எரி அறை கூடாரம் போல் உயராமல் தட்டையாகவும் கச்சிதமாகவும் அமைந்தது. எரிதல் விரைவாக முடிந்தது. நம்மூரில் 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் பழைய புல்லட்டுக்கு இரண்டே வால்வுகள். அதே பெயரில் 2018இல் வந்த 650 சி.சி. வண்டிகளில் சிலிண்டருக்கு நான்கு.

ஸ்பிரிங் தோற்கும் இடம்

வேகம் கூடும்போது இன்னொரு தொல்லை. வால்வை முன்னும் பின்னும் ஆட்டத் தேவையான முடுக்கம், சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 3,000லிருந்து 9,000க்குப் போனால் 3 மடங்கு அல்ல, 9 மடங்கு! ஸ்பிரிங்கால் அவ்வளவு விசை தர முடியாவிட்டால் வால்வு கேமைப் பின்தொடராமல் அந்தரத்தில் மிதக்கும். மேலேறும் பிஸ்டன் அதன்மேல் மோதினால் எஞ்சின் சிதையும். நான்கு சிறிய வால்வுகளில் ஒவ்வொன்றும் எடை குறைவு. இது அவற்றின் மற்றொரு நன்மை. இத்தாலியில் டுகாட்டி நிறுவனத்தின் ஃபாபியோ டாக்லியோனி 1956இல் தம் பந்தய வண்டியில் வால்வை மூடுவதற்கும் ஒரு கேமையே வைத்தார். 1986இல் ரெனோ நிறுவனம், ஃபார்முலா ஒன் எஞ்சினில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்திய வாயுவைப் பயன்படுத்தியது.

மூடுவதும் அதே அளவு முக்கியம்

இனி மெக்கானிக்கிடம் திரும்புவோம். அவர் வால்வின் தலையில் கொஞ்சம் பேஸ்டைத் தடவி, ஹெட்டில் உள்ள இருக்கையில் வைத்து, இரு உள்ளங்கைகளுக்கு இடையே குச்சியை உருட்டி, மோர் கடைவது போல் இப்படியும் அப்படியும் சுழற்றினார். அரை மணி கழித்துத் துடைத்துக் காட்டினார். விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம். பிறகு வால்வை மாட்டி, காற்று வரும் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார். மறுபக்கம் ஒரு சொட்டும் கசியவில்லை. “இப்போ கிளம்பும்” என்றார்.

ஏன் அவ்வளவு உறுதி? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 17இல் ஒரு பங்காக அழுத்தும்போது அது தானே சூடேறுகிறது. வெப்பம் சற்றும் வெளியேறாவிட்டால் 27 டிகிரிக் காற்று ஏறத்தாழ 660 டிகிரியை எட்டும். சிலிண்டர் சுவர்கள் வெப்பத்தைத் திருடுவதால் உண்மையில் குறைவுதான். ஆனாலும் டீசல் பற்றிக்கொள்ள அது போதும். வால்வு கசிந்தால்?

ஓடும்போது அழுத்த வீச்சுக்கு 100இல் ஒரு பங்கு வினாடி என்று கண்டோம். கையால் சுழற்றிக் கிளப்பும்போது நிமிடத்துக்கு 150 சுற்று என்று கொண்டால், ஒரு வீச்சுக்கு ஐந்தில் ஒரு பங்கு வினாடி. அதாவது காற்று கசிவதற்கு 20 மடங்கு அதிக நேரம்! ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாத கசிவு, நின்றபின் கிளப்பும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். முகத்துவாரத்தில் நின்ற எஞ்சின் மீண்டும் கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இருக்கை சரியாகப் படியாவிட்டால் மற்றொரு கேடும் உண்டு. புகை வால்வு ஏறத்தாழ 700 டிகிரி வரை சூடாகும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கை வழியாகவே ஹெட்டுக்கு இறங்குகிறது. படியாத இடத்தில் வெப்பம் இறங்காது. தீயும் அங்கேயே சீறிப் பாயும். விளிம்பு கருகி அரிக்கும். டாப்பெட்டில் இடைவெளி விடுவதும் இதற்காகத்தான். 100 மி.மீ. நீளமுள்ள எஃகு வால்வு 400 டிகிரி சூடேறினால் அரை மி.மீ.க்கும் மேல் நீளும். ஹெட்டும் ஓரளவு விரியும் என்றாலும், இடம் விடாவிட்டால் வால்வு முழுதும் மூடாது.

மாணவனுக்குப் பதில்

பந்தய ஹெட்டை மாட்டினால் என்ன ஆகும்? வேகமாகப் பாயும் காற்றுக்கு உந்தம் அதிகம். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதனால் பந்தய எஞ்சினில் காற்று வால்வைத் தாமதமாக மூடுவார்கள். மெதுவாகச் சுற்றும்போதோ காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. வந்த வழியே திரும்பிப் போய்விடும். அழுத்தம் குறையும், சூடு ஏறாது, டீசல் பற்றாது. படகு பறக்காது, கிளம்பவே கிளம்பாது!

வேகமாக ஓடும் எஞ்சினுக்குத் திறப்பது கடினம். மெதுவாகக் கிளம்பும் எஞ்சினுக்கு மூடுவது கடினம். சோழவரத்தில் ஓடியவர்கள் முதலாவதோடு மல்லுக்கட்டினார்கள். பழவேற்காட்டு மெக்கானிக், பந்தலடியில் ஒரு குச்சியை உருட்டி இரண்டாவதைச் சரிசெய்கிறார். அவருடைய கணக்கில் பிழை வந்தால் பரிசுக் கோப்பை அல்ல, நான்கைந்து பேரின் உயிர் ஆபத்துக்குள்ளாகும்.

சிந்திக்க:

1. சிலிண்டருக்குள் மூன்று சம வட்டங்களை அடக்கினால் ஒவ்வொன்றின் விட்டம் என்ன? இரண்டைக் காற்றுக்குக் கொடுத்தால் எவ்வளவு வழி கிடைக்கும்?

2. உங்கள் ஊர்ப் பட்டறையில் ஹெட்டைக் கழற்றும் நாளில் போய்ப் பாருங்கள். வால்வுகளில் எது பெரியது, காற்றுக்கானதா, புகைக்கானதா? ஏன்?