கச்சான் காலத்து முதல் பாடு

காரைக்கால்மேட்டுக் கரையில் நின்று ஜூன் மாதக் கடலைக் கண்ணால் அளக்கிறவன் ஏமாந்துபோவான். விடிகாலையில் அலையே இருக்காது. தண்ணீர் தகடு மாதிரி படிந்து கிடக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள், “என்னண்ணே, கடல் இப்படிச் சும்மா கெடக்கு” என்பார்கள். அது சும்மா கிடப்பதற்குக் காரணமே கச்சான்தான். மேற்கேயிருந்து, அதாவது தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு இடம் போதாது. ஏழெட்டு மைல் வெளியே போனபின் அதே காற்று கடலைக் கிளப்பிவிட்டிருக்கும். அப்போதும் நமக்கு உறைக்காது, ஏனென்றால் போகும்போது அது முதுகில் தள்ளிக்கொண்டே வருகிறது. மடியை, அதாவது இழுவலையை, தூக்கிவிட்டு வீடு திரும்பப் படகின் முன்முனையான அணியத்தை மேற்கே வைத்த நிமிஷம்தான் அறை விழும்.

வடகிழக்கேயிருந்து வருகிற வாடைக் காற்று முரடு. ஆனால் எஞ்சின் நின்றுபோனால் அது படகைக் கரைப் பக்கம்தான் தள்ளும். கச்சான் அப்படியில்லை, வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோய் விடும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சீசனின் முதல் வாரத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி.

தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. முன்பு 45 நாள், இப்போது 61. இரண்டு மாதம் வருமானமில்லாமல் இருந்த வீடுகள், வட்டிக்கு வாங்கி வலை வேலை பார்த்த முதலாளிகள், கையில் காசில்லாத தொழிலாளிகள் என்று எல்லோரும் ஒரே இரவில் கிளம்ப நினைப்பார்கள். முதல் பாட்டில் இறால் நன்றாக விழும், விலையும் இருக்கும். அதனால் அவசரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பதினைந்தாம் தேதி விடியும்போது கடலில் நிற்கிற படகுகளில் எத்தனை, முந்தைய வாரம் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்தவை என்று கேட்டால் பதில் தயக்கமாகத்தான் வரும்.

முதலில் ஆற்றுவாய். நம் துறைமுகம் அரசலாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் ஓடினால் வாயிலிருக்கும் மணலை அது வெளியே தள்ளும். ஜூன் மாதத்தில் எங்கே வெள்ளம்? மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற நாளே ஜூன் 12. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. திறந்தாலும் கடைமடையான காரைக்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை தெற்கேயிருந்து வடக்கே போகிற நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயில் படிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு இரண்டு மாதமாகப் பெரிய படகு எதுவும் அந்த வழியில் ஓடவில்லை. ஆகவே போன வருஷம் ஜிபிஎஸ்ஸில் போட்டுவைத்த கோட்டை நம்பி இருட்டில் வெளியேறுவது வேண்டாத வேலை. தடைக்காலத்திலும் சிறு படகுக்காரர்கள் கரையோரமாகப் போய் வந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆழம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே திட்டு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பகலில் அவர்கள் ஃபைபர் படகிலேயே ஒரு சுற்றுப் போய், கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்து வந்துவிடுவேன்.

வாயைத் தாண்டும் நேரத்தில்தான் படகு அதன் உச்சக் கனத்தில் இருக்கிறது என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? டாங்க் நிறைய டீசல், பீப்பாய்களில் குடிதண்ணீர், அரிசி பருப்பு, அதற்கு மேல் ஐஸ். ஐம்பது கிலோ கட்டிகளை அரவை மெஷினில் போட்டு நொறுக்கிக் குழாய் வழியாகக் கிடங்குக்குள் கொட்டும்போது, கொட்டுகிற பக்கமே குவிந்துவிடும். உள்ளே ஆள் இறங்கி மண்வெட்டியால் இரண்டு பக்கமும் தள்ளிச் சமன் செய்ய வேண்டும். முதல் நாள் ஐஸுக்குக் கியூ நீளம், பின்னால் நிற்கிறவன் கத்துவான், இந்த வேலையை அரைகுறையாக விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் சாய்ந்த படகு, மூழ்கிய அடிப்பகுதி, ஆழம் குறைந்த வாய் என்று மூன்றும் சேர்ந்தால் தரை தட்டும். தட்டியதும் பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை தளத்தின் மேல் ஏறும். எனவே ஏற்றத்தில்தான் வெளியேறுவேன். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது என்றாலும், அந்த இரண்டு முழம்தான் சமயத்தில் படகைக் காப்பாற்றுகிறது. முன்னால் போன படகு தட்டி நின்றால் அதன் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளாமல் தள்ளி நின்று பார்க்கிறவன் கெட்டிக்காரன்.

கிடங்கைப் பற்றி இன்னொன்று. இரண்டு மாதம் மூடிக் கிடந்த கிடங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீரும் பழைய மீன் கழிவும் தேங்கியிருந்தால் போதும், அழுகி விஷ வாயு கட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்த சூட்டோடு கழுவுகிறேன் என்று உள்ளே குதித்தவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். மூடியைக் காலையிலேயே திறந்து போட்டு, காற்றாட விட்டு, மேலே ஓர் ஆளை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். முட்டை நாற்றம் அடித்தால் இறங்கவே கூடாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாமல் போய்விடும் என்பதுதான் இதில் வில்லங்கம்.

மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு: கரையேற்றிக் கலப்பத்து பார்த்துப் பெயின்ட் அடித்த படகு வெயிலில் காய்ந்து பலகை இணைப்பு விட்டிருக்கும். இறக்கியதும் கசியும், ஊறினால்தான் அடையும். புறப்படும் நாளன்று இறக்காமல் சில நாள் முன்பே இறக்கிக் கட்டிப் போட்டு, ராத்திரியில் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று பாருங்கள். எஞ்சினில் மூன்று இடம்: டீசல் டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீர், கடல் தண்ணீர் பம்புக்குள் காய்ந்து வெடித்த ரப்பர், ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தின் பேக்கிங். ஜெட்டியில் கட்டிவைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டால் இவற்றில் எதுவும் தெரியாது. சுமையோடு ஒரு மணி நேரம் ஓட வேண்டும்.

அப்படியும் நிற்கும். எஞ்சின் என்றால் ஒருநாள் நின்றுதான் தீரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியப்பா சொல்வார்: “தம்பி, கச்சான்ல எஞ்சின் நின்னா மொதல்ல நங்கூரம், அப்பறந்தான் ஸ்பேனர்.” ஆளுக்கு ஆள் எஞ்சின் ரூமுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் அரைமணியில் படகு ஆழத்துக்குப் போய்விடும். பிறகு நங்கூரக் கயிறு தரைக்கு எட்டாது. பத்துப் பாகத் தண்ணீரில் படகைப் பிடித்து நிறுத்த ஐம்பது பாகமாவது கயிறு விட வேண்டும். நங்கூரம் எட்டாத ஆழமாக இருந்தால் மடியை அணியத்திலிருந்து இறக்கிவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அணியத்தைக் காற்றுக்கு நேரே வைக்கும், ஓட்டமும் பாதியாகக் குறையும். அதன் பிறகு விஎச்எஃப் 16-ஆம் சேனலில் இடத்தைச் சொல்லலாம். செல்போன் எடுக்கிற தூரமென்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. டீசல் கணக்கிலும் கச்சானைச் சேர்க்க வேண்டும். போக ஒரு பங்கு ஆனால் திரும்ப ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் வேறு கதை. இந்தப் பருவத்து இடிமழை உள்நாட்டில் பிறந்து மேற்கிலிருந்து கடலுக்கு வருகிறது. மடியை இழுத்துக்கொண்டு கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தால் முதுகுப் பக்கம் கருத்தது தெரியாது. காற்று திடீரென்று அடங்கி, பிறகு குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசினால் பேச்சே வேண்டாம், மடியை ஏற்றிவிட வேண்டும். மடி கீழே இருக்கும்போது பக்கவாட்டில் சூறை பிடித்தால் படகு சாய வேறு காரணம் தேவையில்லை. வானிலை அறிக்கையில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று சொன்னால் அந்த 65-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இடையிடையே வருவதுதான் ஆளைத் தள்ளுகிறது.

லைஃப் ஜாக்கெட்டை நாள் முழுக்கப் போட்டுக்கொள் என்று சொன்னால் ஒருத்தனும் கேட்க மாட்டான். ஜூன் வெயிலில் நானும் போடுவதில்லை. வாயைத் தாண்டும்போதும், ராத்திரி தளத்தில் வேலை செய்யும்போதும் கட்டாயம் என்று இரண்டே நேரம் வைத்தேன், அது நடக்கிறது. தடைக்காலத்தில் எலி கடித்த வாரையும் மக்கிய நுரையையும் முன்கூட்டியே பார்த்து மாற்றிவிட வேண்டும். ராத்திரி விளக்குகளையும் அப்படித்தான். தெற்கே வாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் ஓடுகிறது, பெரிய கப்பல்கள் வந்து போகின்றன. மடியோடு நிற்கிற நம்மைக் கண்டு அவை சட்டென்று ஒதுங்க முடியாது.

எல்லைப் பிரச்சினையைப் பலர் கேட்பார்கள். கச்சான் காலத்தில் காற்றும் ஓட்டமும் படகை வடகிழக்கே கொண்டுபோகின்றன, இலங்கைப் பக்கமல்ல. நீரோட்டம் தெற்கே திரும்புகிற வாடைக் காலத்தில்தான் கோடியக்கரைக்குத் தெற்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகில் போனவர்கள் காயம்பட்டதும் அந்தப் பருவத்தில்தான்.

கடைசியாக ஆட்கள். தடைக்காலத்தில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், புது ஆள் ஏறியிருப்பான். பம்பு சுவிட்ச், நங்கூரக் கயிற்றின் முடிச்சு, வயர்லெஸ் மைக் மூன்றையும் ஜெட்டியிலேயே ஒவ்வொருவரையும் தொட வைத்துக் காட்டுங்கள். டிரைவர் கடலில் விழுந்தால் படகைத் திருப்பத் தெரிந்த இன்னொருவன் இருக்க வேண்டும். ஏறியவர்கள் பெயர், வீட்டு போன் நம்பர், திரும்பும் நாள் மூன்றையும் எழுதி ஒரு பிரதியைப் பஞ்சாயத்தாரிடமும் இன்னொன்றை முதலாளி வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். நாள் தள்ளிப்போனால் கரை திரும்புகிற படகு எதுவானாலும் வயர்லெஸ்ஸில் பிடித்துத் தகவல் சொல்லி அனுப்புங்கள்.