நெட்டிக் கோபுரம்

நெட்டியில் கோயில் மாதிரிகள் சமைப்பது திருச்சி, தஞ்சை வட்டாரத்தின் பழங்கலை. தாவரவியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது அந்தச் செடியே. குளம், ஏரிகளில் வளரும் இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் ஈஸ்கினோமினி ஆஸ்பெரா. இதன் வெண்தண்டைப் 'பித்' என்பர். உண்மையில் அது மெல்லிய சுவருடைய செல்களாலான கட்டையே. எனவேதான் எடை குறைவு. கத்திக்கும் எளிதில் இணங்குகிறது. பட்டையைச் சீவி, தகடாகவும் குச்சியாகவும் அரிந்து ஒட்டுவர். வண்ணம் வேண்டாம், தந்தம் போன்ற வெண்மையே அழகு.

1987-இல் நிறைவுற்ற திருவரங்க இராசகோபுரம் 236 அடி, 13 நிலைகள். நூறில் ஒரு பங்காக்கினால் சுமார் 28 அங்குலம். வாயிலில் நிற்கும் மனிதனோ முக்கால் அங்குலமும் இரான்! இந்த அளவு பிசகினால் கோபுரம் பொம்மையாகிவிடும்.

தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் குளங்கள் தூர்ந்தால் நெட்டி ஏது? கலையைக் காக்க, முதலில் குளத்தைக் காப்போம்.