இலவசத் தொலைக்காட்சி: வானத்திலிருந்தா, கோபுரத்திலிருந்தா?

பத்தாம் வகுப்பு மாணவி

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்துள்ள சாதனங்களுள் வீட்டின் நடுக்கூடத்திலேயே இடம் பிடித்துக்கொண்டது தொலைக்காட்சி. ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடாயினும், திருமலை அடிவாரத்தில் பயிர்த்தொழில் செய்யும் வீடாயினும் அது இல்லாத இல்லம் அரிது. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை எளியவர் இல்லங்களுக்கும் அப்பெட்டியைக் கொண்டு சேர்த்தது. பெட்டி இலவசமாக வந்தது. ஆனால் அதில் படம் வர வேண்டுமானால் பெரும்பாலான வீடுகளில் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தறிக்கூலியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்திற்கு அதுவும் ஒரு சுமையே.

மாதக் கட்டணம் இன்றிப் படம் பெற இரு வழிகள் உலகில் உள்ளன. ஒன்று, விண்ணில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து நேரே பெறுவது. மற்றொன்று, தரையில் உள்ள ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து டிஜிட்டல் முறையில் பெறுவது. இவற்றுள் எது நல்லது? அறிவியல் வகுப்பில் அலைகளைப் பற்றிப் படித்தபோது எங்களுக்குள் எழுந்த இவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கடந்து வந்த பாதை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று பிறந்தது. 1983இல் இன்சாட்-1பி விண்ணில் ஏறிய பின், சிற்றூர்களையும் எட்டும் வண்ணம் நாடெங்கும் மறுஒளிபரப்பு நிலையங்கள் பெருகின. உச்ச நிலையில் அவை 1400க்கும் மேற்பட்டிருந்தன.

அந்நாளில் இரும்புக் குழாயின் உச்சியில் அலுமினிய ஏரியலைக் கட்டி, ஒருவர் மாடியில் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "வருகிறது, வருகிறது, நிறுத்து!" என்று கூவுவாராம். வெள்ளிக்கிழமை மாலையில் "ஒளியும் ஒலியும்" பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிவிடும் என்று எங்கள் பாட்டிமார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பார்த்தார்கள். அதற்கு மாதக் கட்டணம் இல்லை.

பின்னர்க் கேபிள் வந்தது. வீட்டு ஏரியல்கள் துருப்பிடித்தன. 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச்சு வரை, எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்கள் நீங்கலாக, எஞ்சியிருந்த பழைய முறைக் கோபுரங்களை எல்லாம் பிரசார் பாரதி படிப்படியாக மூடிவிட்டது.

டிஜிட்டல் என்பது யாது?

பட்டு நெய்யும் ஊரில் பிறந்த எங்களுக்கு இதனை விளக்கத் தறியே போதும். புட்டா போடும் ஜக்கார்டுப் பெட்டியில் அட்டைகள் வரிசையாகச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களைக் கொண்டு மயிலும் அன்னமும் சேலையில் உருவாகிவிடுகின்றன. டிஜிட்டல் முறையும் இதுவே. படத்தையும் ஒலியையும் ஒன்று, பூச்சியம் என்ற இரண்டு குறிகளாக மாற்றி அலைகளில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

இதனால் பெரும் நன்மை உண்டு. பழைய முறையில் ஒரே ஒரு நிகழ்ச்சி சென்ற அலைப் பாதையில் இப்பொழுது பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஒரு குறையும் உண்டு. பழைய முறையில் அலை வலுவிழந்தால் படம் மங்கும். ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டலில் அலை ஓர் அளவிற்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பின் அறவே நின்றுவிடும். ஒன்று முழுமை, இல்லையேல் வெறுமை.

கோபுரத்தின் எல்லை

தூர்தர்ஷன் 2016ஆம் ஆண்டில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. கைப்பேசியில் ஒரு சிறு கருவியைச் செருகினால், இணையக் கட்டணம் இன்றி ஐந்து அலைவரிசைகள் வரை பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. அந்த அலை நம் ஊருக்கு எட்டுமா?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். பூமி உருண்டையானது. ஆகவே கோபுரத்தின் பார்வை ஓரிடத்தில் முடிந்துவிடும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்க மூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அத்தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்திற்கு அது 44 கிலோமீட்டர். 9 மீட்டர் உயர மாடியில் நம் ஏரியல் இருந்தால் இன்னும் 11 கிலோமீட்டர் சேரும். மொத்தம் 55. காற்று மண்டலத்தில் அலை சற்று வளைவதால் ஏறத்தாழ 65 என்றே வைத்துக்கொள்வோம். சென்னைக்கும் ஆரணிக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலும் 110 கிலோமீட்டருக்கு மேல்! திருமலை அதற்கும் அப்பால். அங்கே 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையைத் தாங்கி நிற்கும் மலை, தன் மறைவில் உள்ள வீட்டிற்குத் தரைவழி அலையைத் தடுக்கவும் கூடும்.

எனவே அருகில் ஒரு கோபுரம் இல்லாத வரை, தரைவழி டிஜிட்டல் நமக்கு எட்டாக்கனியே.

இங்கிலாந்தின் கதை வேறு. அது சிறிய நாடு. அங்கே 2002இல் "ஃப்ரீவியூ" என்ற தரைவழிச் சேவை தொடங்கியது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கோபுரங்கள் நாட்டையே போர்த்தியிருக்கின்றன. அவை எட்டாத இடங்களுக்கும் உதவும்படி 2008இல் "ஃப்ரீசாட்" என்ற செயற்கைக்கோள் சேவையும் வந்தது. ஆகவே அந்நாட்டுக் குடும்பம் இரண்டையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நமக்கோ இடமே பாதித் தேர்வைச் செய்துவிடுகிறது.

வானத்தின் வழி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் 33 அலைவரிசைகளுடன் தொடங்கப்பட்ட "டி.டி. டைரக்ட் பிளஸ்" சேவையே இன்று "டி.டி. ஃப்ரீ டிஷ்" என வழங்குகிறது. நான்கு கோடிக்கும் மேற்பட்ட இந்திய இல்லங்கள் இதனைப் பயன்படுத்துவதாக மதிப்பிடுகிறார்கள். 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் இதனைச் சுமக்கிறது. அது நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்பதுபோல் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. காஷ்மீரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே சமயத்தில் அதனால் ஒளிபரப்ப முடியும். பரந்த நம் நாட்டிற்கு இவ்வழி பொருந்தியதில் வியப்பில்லை.

நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே மலை மறைக்கும் என்ற அச்சம் வேண்டாம். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த தென்னை மரம்கூட, 4 மீட்டருக்கு அப்பால் இருந்தால் மறைக்காது. நம் மாடி பொருத்தமானதா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மார்ச்சு மாத நடுவிலும் செப்டம்பர் மாத இறுதியிலும் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சூரியன் அதே இடத்தில் நிற்கும். அவ்வேளையில் டிஷ் வைக்க எண்ணும் இடத்தில் வெயில் விழுந்தால், செயற்கைக்கோளுக்கும் அதற்கும் இடையே தடை ஏதும் இல்லை என்று பொருள். அந்நாட்களில் சூரியனே செயற்கைக்கோளின் பின்னால் நிற்பதால் சில நிமிடங்கள் படம் தடைப்படுவதும் உண்டு. பழுது என்று எண்ணி மெக்கானிக்கை அழைக்க வேண்டாம்!

குறைகளையும் மறைக்கக் கூடாது. செயற்கைக்கோள் அலையின் நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. பெருமழைத் துளிகள் அதனை விழுங்கிவிடும். ஆகையால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் நின்றுபோகலாம். தரைவழி அலையின் நீளம் அரை மீட்டர் அளவினது. மழை அதற்குப் பொருட்டன்று. புயற்காற்றில் டிஷ் சிறிது அசைந்தாலும் படம் போய்விடும். புயற்செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் இப்படி நேர்வதால், மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறு வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருப்பது அறிவுடைமை.

"இலவசம்" என்பதன் பொருள்

இலவசம் என்றால் எவருமே பணம் தரவில்லை என்பதில்லை. டிஷ், செட்டாப் பெட்டி, கம்பி ஆகியவற்றிற்கு முதலில் ஒருமுறை ஏறத்தாழ 2000 ரூபாய் செலவாகும். 2017இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அடிப்படைக் கட்டணத்திற்கு விதித்த உச்சவரம்பு மாதம் 130 ரூபாய். வரியுடன் 153 ரூபாய். அவ்வரம்பு 2024இல் நீக்கப்பட்டது. எனினும் அதனையே அளவுகோலாகக் கொண்டால், 13 மாதங்களில் டிஷ்ஷின் விலை திரும்பி வந்துவிடும். அதன் பின் மாதந்தோறும் மிச்சமே.

நிகழ்ச்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள்? இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தால் நடைபெறுகிறது. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பெறத் தனியார் நிறுவனங்கள் ஏலத்தில் பணம் கட்டுகின்றன. அப்பணத்தை அவை விளம்பரங்களிலிருந்து ஈட்டுகின்றன. ஆகவே விளம்பரச் சந்தை பெரிதாக உள்ள இந்தி மொழி அலைவரிசைகளே அதில் மிகுதி. டி.டி. தமிழ் உண்டு, ஆனால் நாம் கேபிளில் காணும் தனியார் தமிழ் அலைவரிசைகள் மிகக் குறைவு. முன்பு "பொதிகை" என்ற பெயரில் இருந்த டி.டி. தமிழ், 2024 ஜனவரியில் புதுப்பெயரும் புதுப்பொலிவும் பெற்றது.

மாணவியராகிய நமக்கு இது முக்கியம். 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் ஒளிபரப்பாயிற்று. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறை ஆயிற்று. "ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை" என்று மத்திய அரசு அதே ஆண்டில் அறிவித்த பாட ஒளிபரப்புகள் ஃப்ரீ டிஷ்ஷில் வருகின்றன. எனினும் மொழி நமக்குப் புரிந்தால்தானே பாடம் பயன் தரும்? கேபிளை நிறுத்தும் முன் நமக்கு வேண்டிய பாட நிகழ்ச்சி புதிய பட்டியலில் உண்டா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் முடிவு

இவ்விரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. கோபுரத்தின் அருகே வாழ்வோர்க்குச் சிறிய ஏரியலும், மழைக்கு அஞ்சாத படமும் உள்ள தரைவழியே எளிது. ஆரணியிலும் திருமலையிலும் வாழும் நமக்கோ செயற்கைக்கோள் ஒன்றே கைக்கு எட்டும் இலவச வழி.

ஆனால் எட்டுகிறது என்பதற்காகவே வாங்கிவிடலாகாது. பெற்றோர்களே, கடைக்குச் செல்லும் முன் மூன்று வினாக்களை வீட்டில் எல்லோரும் அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். மாடியில் தென்கிழக்கு வானம் திறந்திருக்கிறதா? இப்பொழுது நாம் உண்மையில் பார்க்கும் அலைவரிசைகள் எத்தனை, அவற்றுள் இதில் வருபவை எவை? வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும், வெளியே செல்ல இயலாத முதியவருக்கும் தமிழில் என்ன கிடைக்கும்? செய்தியும் டி.டி. தமிழும் சில திரைப்படங்களும் போதும் என்ற வீட்டிற்கு டிஷ் நல்ல துணை. தறியில் அமர்ந்திருப்பவரின் செவிக்கு விருந்தாக அதிலேயே நாற்பதுக்கும் மேற்பட்ட வானொலி நிகழ்ச்சிகளும் வருகின்றன. தமிழ் அலைவரிசைகள் பல வேண்டும் என்ற வீட்டிற்குக் கேபிளே தக்கது. அவ்வீட்டார் தாம் பார்க்காத கட்டண அலைவரிசைகளை நீக்கச் சொல்லிச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

புதிய பெட்டி வாங்க எண்ணுவோர்க்கு இன்னொரு செய்தி. செயற்கைக்கோள் அலையைப் பெறும் கருவி உள்ளேயே அமைந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தர அளவை வகுத்துள்ளது. அத்தகைய பெட்டிக்கு டிஷ் மட்டும் போதும். தனியாகச் செட்டாப் பெட்டி வேண்டாம். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

தோழியரே! மிச்சமாகும் பணம் நம் வீட்டாரின் கை உழைப்பு. ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்றால் ஒரு மாணவியின் நோட்டுப் புத்தகங்களுக்கும் அகராதிக்கும் ஆகும். பணத்தைப் போலவே நேரமும் செல்வம். படம் இலவசமாக வருகிறது என்பதற்காகப் பொதுத்தேர்வு ஆண்டில் மாலைப் பொழுதை எல்லாம் அதற்கு வாரி வழங்கிவிட்டால், கட்டணம் செலுத்தாமலே பெரும் விலை கொடுத்தவர்கள் ஆவோம். அளந்து வாங்குவோம், அளவோடு பார்ப்போம்.