கோடாரியை விடப் பயமானது

ஆடி வெள்ளி வந்தா ஆரணியிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் கிளம்பிடும். அந்த அம்மன் கதையை ஆயா தறிப் பக்கத்துல உக்காந்து சொன்னப்போ எனக்கு ஏழு வயசு.

ஆத்துல ஒரு கந்தர்வனைப் பார்த்து ரேணுகையின் மனசு ஒரு நொடி தடுமாறுது. கணவர் ஜமதக்னி, மகன்கள்கிட்ட "அம்மாவை வெட்டு"ங்கறார். பரசுராமன் வெட்டுறான், அப்புறம் வரம் வாங்கி உயிர்ப்பிக்கிறான். "அப்பா பேச்சைத் தட்டாத புள்ள"ன்னு ஆயா முடிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்கப்பா சொன்னா நானும் வெட்டணுமா?

அப்போ நாட்டுப்புறக் கதைகள்ல இருக்கிற வன்முறையை வெட்டி எறிஞ்சிடலாமா? ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் திருத்திப் பார்த்தாங்க. 1812-ல் வந்த அவங்க ஸ்னோ வைட் கதையில் மகளைக் கொல்லச் சொல்றது பெத்த தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியா மாத்திட்டாங்க. ஆனா கடைசியில் அவள் பழுக்கக் காய்ச்சின இரும்புச் செருப்போட ஆடிச் சாகும் தண்டனை அப்படியே இருக்கு. அவங்களை உறுத்தினது ரத்தம் இல்ல, செய்தது யாருங்கறதுதான்.

நம்ம கதையிலும் கேட்கவேண்டியது அதுதான்: யாரைப் பாராட்டுறோம்? மகாபாரதத்தின் வனபர்வத்தில் மூத்த மகன்கள் நாலு பேர் அம்மாமேல கை வைக்கல; அதுக்காகச் சாபம் வாங்கினாங்க. ருமண்வான், சுஷேணன், வசு, விசுவாவசு. இந்தப் பேர்களை யாராவது நமக்குச் சொன்னாங்களா?

படவேட்டுல ஜனங்க கும்பிடுறது கோடாரியை இல்ல, அந்த அம்மாவோட சிரசை. அக்கா பொண்ணுக்கு இந்தக் கதையை ரத்தத்தோடதான் சொல்லப்போறேன், அந்த நாலு பேரையும் சேர்த்து.