நீரிறைக்கும் இயந்திரம் வலுவிழந்தால்

வெங்காயம் குமிழ் வைக்கும் காலத்திலும் நெல் கதிர் தள்ளும் காலத்திலும் நீர் தவறினால் விளைச்சல் குறையும். ஆகையால், பெற்றோலில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வலுவிழக்குமாயின் கமக்காரர் காரணத்தை உடனே அறிதல் வேண்டும். இயந்திரத்தைக் கழற்றுமுன், அது ஆறியபின், பின்வருவனவற்றை முறையே கவனித்தல் நன்று.

1. எரிபொருள்: தாங்கியில் நெடுநாட் கிடந்த பெற்றோலை அகற்றிப் புதியதை இடுக. வடியிற் படிந்த அழுக்கையும் நீரையும் நீக்குக.

2. காற்று: கரும்புகை வருமாயின் காற்று வடி அடைபட்டிருத்தல் கூடும். நுரைப்பஞ்சாலான வடியைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. பின் எஞ்சின் எண்ணெயில் நனைத்து, நன்கு பிழிந்து பொருத்துக.

3. தீப்பொறி: பிளக்கிற் படிந்த கரியைத் துடைக்க. சிறிய இயந்திரங்கள் பலவற்றுக்கு அதன் முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும்.

4. நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிவதன் அறிகுறி. எண்ணெய் மட்டம் சரியாயிருந்தும் புகை நீங்காவிடின் திருத்துநரிடம் காட்டுக.

இயந்திரம் நன்கு ஓடியும் நீர் குறையுமாயின், உறிஞ்சு குழாயிற் காற்றுக் கசிவு உண்டோ என நோக்குக.

எச்சரிக்கை: இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கலாகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உள்ளே தேங்கி, இறங்குவோர் உயிரைப் போக்கும்.