இணைய அங்காடிக்குப் பெயரிடுதல்

நமது ஒன்றியங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தயாரிக்கும் பொருள்கள் இன்று வாரச் சந்தையோடு நின்றுவிடுவதில்லை. இணைய அங்காடியின் வாயிலாகத் தொலைவிலுள்ள நகரங்களுக்கும் செல்கின்றன. அத்தகைய அங்காடியைத் தொடங்குவோர் முதற்கண் தீர்மானிக்க வேண்டியது அதன் இணைய முகவரிப் பெயராகும். இதனை டொமைன் பெயர் என வழங்குவர். பொட்டலங்களின்மீது அச்சாகிவிட்ட பின்னர் இதனை மாற்றுவது பெருஞ்செலவாகும். ஆதலின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து முடிவு செய்தல் நலம்.

பெயர் எவ்வாறு அமைதல் வேண்டும்?

ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றைக் கொண்டே இப்பெயர்கள் பெரும்பாலும் அமைகின்றன. விதிப்படி 63 எழுத்து வரை இடமுண்டு. எனினும் பன்னிரண்டு எழுத்துக்குள் அடங்குவதே நன்று. எண்ணும் கோடும் வாய்மொழியாகச் சொல்லும்போது குழப்பம் தருவன. அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நமக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. 'கருப்பட்டி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பகரத்துக்குரிய எழுத்தை ஒருவர் ஒரு முறை எழுதுவார். மற்றொருவர் இரு முறை எழுதுவார். டகரத்துக்கும் அவ்வாறே. ஆக, ஒரே சொல் நான்கு விதமாக எழுதப்படுகிறது! அவற்றுள் மூன்று விதமாக எழுதுவோர் நமது கடையை அடையார். ழகரம் வரும் சொற்களிலும் இக்குழப்பம் மிகுதி. 'பனை', 'மலர்' போன்றவை பெரும்பாலும் ஒரே விதமாக எழுதப்படும் சொற்கள், இத்தகையனவே ஏற்றவை.

எளிய சோதனை ஒன்று உண்டு. பெயரைத் தொலைபேசியில் ஒரே முறை சொல்லி, பத்துப் பேரை எழுதச் செய்க. எட்டுப் பேரேனும் பிழையின்றி எழுதினால் அப்பெயர் தகுதியுடையது.

பிறர் பெயரைத் தழுவலாகாது

புகழ்பெற்ற வணிகப் பெயரைச் சிறிது மாற்றி வைத்துக்கொள்வது ஆபத்தானது. வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டென 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. வேற்றூர்க் குழுவினர் தமது கருப்பட்டிக்கு அப்பெயரைச் சூட்டுவது முறையன்று.

பெயர் எவருக்கு உரியது?

இதுவே அனைத்திலும் முக்கியமானது. டொமைன் பெயர் விலைக்கு வாங்கும் மனையன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பெறும் குத்தகையை ஒத்தது. 'டாட் இன்' பெயரை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்யலாம். புதுப்பிக்கத் தவறினால், அவகாசம் கடந்தபின் எவரும் அதனைப் பெறலாம். முதலாண்டுக் கட்டணம் குறைவாகவும் புதுப்பிக்கும் கட்டணம் மிகுதியாகவும் இருப்பதுண்டு; இரண்டையும் கேட்டறிதல் அவசியம்.

இணையதளம் அமைத்துத் தருபவர் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டால், பல்லாண்டு உழைத்துத் தேடிய வாடிக்கையாளர்களுக்குச் செல்லும் வழி அவர் கைவசமாகிவிடும். ஆகவே பதிவு குழுவின் பெயரிலும், குழுவுக்கென உள்ள மின்னஞ்சல் முகவரியிலும் அமைதல் வேண்டும். பதிவு நிறுவனத்தின் பெயரையும் புதுப்பிக்க வேண்டிய நாளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். கடவுச்சொல்லை இரு பொறுப்பாளர்களேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஊர்நல அலுவலர்கள் இவற்றைக் குழுக் கூட்டங்களில் விளக்கிக் கூறுவார்களாக. உழைப்பு நமதாயின், அதன் பெயரும் நமதாகவே இருத்தல் வேண்டும்.